வேப்பமர நிழலில் புல்தரை: கோடைக்கு முன்பே வேரை இறக்குங்கள்

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. அதன் நிழலில் முதலில் அருகம்புல் பதித்தேன். வறட்சிக்கு அசையாத புல்லாயிற்றே என்ற தைரியம். மாசி வரை இருந்தது. சித்திரையில் திட்டுத் திட்டாகக் காய்ந்து செம்மண் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "வேம்பு குடிச்சு மிச்சம் வச்சாத்தானப்பா புல்லுக்கு" என்றார்கள். பாதிக் காரணம் அதுதான்.

மீதி வேரில் இருக்கிறது. புல் வறட்சியைத் தாங்குவது வேரின் ஆழத்தால். நிழலில் இலை தயாரிக்கும் மாவுச்சத்து குறையும். கிடைத்ததையும் புல் வெளிச்சம் தேடி மேலே நீளவே செலவழிக்கும். வேர் மண்ணின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். வெயிலில் வறட்சி தாங்கும் அருகு, நிழலில் தாங்காமல் போவது இதனால்தான்.

படி 1: வெயிலை எண்ணுங்கள்

காலை 7 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் ஒரு நாள், வைகாசியில் ஒரு நாள். நம் ஊரில் மார்கழிச் சூரியன் தெற்கே சாய்வதால் வீட்டின் வடபுறம் நிழலாகும். வைகாசியில் அதே இடத்தில் வெயில் விழும். 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் புல் வேண்டாம். உதிர்ந்த இலையைப் பரப்பி, நடக்கக் கல் போட்டுவிடுங்கள்.

படி 2: புல்லைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரம் வேண்டாம். 6 மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் இருந்தால் அருகு. 4 முதல் 6 மணி என்றால் சோய்சியா இனத்தைச் சேர்ந்த கொரியன் புல். ஓரளவு நிழலையும் நல்ல வறட்சியையும் சேர்த்துத் தாங்குவது இதுதான் என்பது என் முடிவு. நர்சரியில் 'பஃபலோ புல்' என்று தரும் அகல இலைப் புல் நிழலில் செழிக்கும், ஆனால் தண்ணீர் கேட்கும். இணையத்தில் 'வறட்சி தாங்கும் பஃபலோ புல்' என்று படிப்பது அமெரிக்கச் சமவெளியில் வளரும் வேறு புல். அது நிழலில் நிற்காது. பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: மரத்தையும் மண்ணையும் தயார் செய்யுங்கள்

தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். நம் செம்மண்ணும் சரளையும் ஈரத்தைப் பிடித்து வைக்காது. கண்மாய் வண்டலும் மக்கிய தொழு உரமும் கலந்து 2 அங்குலம் பரப்பிக் கொத்துங்கள். தடித்த மரவேரை வெட்டாதீர்கள். அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள்.

படி 4: ஐப்பசியில் பதியுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த ஈரத்தில் வேர் இறங்கிவிட்டால் கோடைக்கு முன் நான்கைந்து மாத அவகாசம் கிடைக்கும். பங்குனியில் பதிக்கவே வேண்டாம்.

படி 5: தண்ணீரைப் பழக்குங்கள்

தினமும் தெளித்தால் வேர் மேலேயே இருக்கும். நிழலில் இலை காயாமல் பூஞ்சையும் பிடிக்கும். இலை மடிந்து நிறம் மங்கி, மிதித்த காலடித் தடம் எழாமல் கிடந்தால் அப்போது பாய்ச்சுங்கள். அதிகாலையில், நன்றாக நனைய. பிறகு ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். 6 அங்குலம் வரை சுலபமாக இறங்கினால் போதும்.

படி 6: உயர்த்தி வெட்டுங்கள்

கொரியன் புல்லை 2 அங்குலமும் அகல இலைப் புல்லை 3 அங்குலமும் விட்டு வெட்டுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். யூரியா அதிகம் போட்டால் இலைதான் கொழுக்கும், வேர் மெலியும்.

சித்திரையில் கொரியன் புல் பழுப்பாகலாம். பதறிப் பிடுங்கிவிடாதீர்கள். தரையோடு ஓடும் தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. உரத்தையும் வெட்டையும் நிறுத்தி, மிதிக்காமல் விடுங்கள். மழை விழுந்ததும் அந்தக் கணுக்களிலிருந்தே துளிர்க்கும்.