ஷார்ட் ஷிஃப்டர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியர் லிவரை ஒரு முழம் தள்ளினால்தான் அடுத்த கியர் விழுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் கடைசியில் தேடிப் போவது ஷார்ட் ஷிஃப்டரைத்தான். லிவர் போய்வரும் தூரத்தைக் குறைக்கும் பாகம் அது. ஆனால் பலருக்கு உண்மையான தொல்லை தூரம் அல்ல, ஆட்டம். எஞ்சினை அணைத்து, மூன்றாவது கியரில் போட்டு, லிவரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால், லிவர் இணைப்பில் ஆட்டம் வராமல் பிடிக்கும் புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்திருக்கிறது. அதை அப்படியே விட்டு ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் தூரம் குறையும், ஆனால் எந்தக் கியரில் இருக்கிறோம் என்ற தெளிவு கைக்கு வராது.

1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் இதற்கு நல்ல உதாரணம். அதன் லிவரின் அடிப்பகுதி, கியர்பாக்ஸின் மேல் தனக்கென்று கொஞ்சம் எண்ணெய் உள்ள ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். லிவர் நுனியில் ஒரு பிளாஸ்டிக் புஷ், மேலே ரப்பர் உறைகள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து ரப்பர் கிழியும், எண்ணெய் வற்றும், புஷ் தேயும். வண்டிக்குள் சூடும் சத்தமும் ஏறும். புஷ், உறை, எண்ணெய் மூன்றையும் மாற்றினாலே போதும், லிவர் சிக்கென்று ஆகிவிடும். அந்தக் காரில் லிவர் போகும் தூரம் கம்பெனியிலிருந்து வரும்போதே குறைவுதான். அதையும் குறைக்க ஒரு கிட் வாங்குவது, என்னைக் கேட்டால், வீண் செலவு.

அடுத்தது, பெட்டியின் மேல் போட்டிருக்கும் சதவீதத்தில் மயங்குவது. '40 சதவீதம் குறைவு' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், கைக்கு எவ்வளவு பாரம் கூடும் என்று போடமாட்டார்கள். இது நெம்புகோல் கணக்கு. தூரம் 40 சதவீதம் குறைந்தால் தேவைப்படும் விசை சுமார் 67 சதவீதம் கூடும். 20 சதவீதக் குறைப்புக்கு 25 சதவீதம்தான் கூடும். தினமும் நெரிசலில் முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு 20 பக்கம் நிற்பதே புத்திசாலித்தனம். சில கிட்கள் லிவரின் சுழலும் புள்ளியை மாற்றுவதோடு மேல் தண்டையும் குட்டையாக்கி, இரண்டையும் கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டும். லிவர் குட்டையானால் கை எட்டும் இடமும் மாறும். அதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முன்பின் தூரத்தை மட்டும் பார்த்து, பக்கவாட்டுத் தூரத்தை மறப்பவர்களும் உண்டு. பக்கவாட்டிலும் அதிகம் குறைந்தால் இரண்டாவதும் நான்காவதும் நெருங்கிவிடும். அதே எம்எக்ஸ்-5இல் மூன்றாவது கியரில் 6,500 ஆர்பிஎம்மில் போகும்போது, நான்காவது என்று நினைத்து இரண்டாவதில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் 9,200ஐத் தாண்டும். அதன் சிவப்புக் கோடு, அதாவது எஞ்சின் தாண்டக் கூடாத சுழல் வேகம், 7,000 பக்கம். வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதினால் செலவு ஷிஃப்டர் விலையில் நிற்காது.

லிவர் எப்படி கியர்பாக்ஸோடு இணைகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்சக்கர ஓட்டமுள்ள பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் வளையாத உலோகத் தண்டு இணைப்பு. பிஎம்டபிள்யூவின் பழைய இ30, இ36 மாடல்களை வைத்திருப்பவர்கள் அதே கம்பெனியின் இசட்3 1.9 காரின் லிவரையே வாங்கிப் போடுவார்கள். கம்பெனி பாகம் என்பதால் எனக்கும் அந்த வழிதான் பிடிக்கும். முன்சக்கர ஓட்டமுள்ள பெரும்பாலான கார்களில் கேபிள். அங்கே கேபிள் சரிக்கட்டல் தவறியிருந்தால் எந்தக் கிட்டும் உருப்படாது. 'துல்லியமாக இருக்கும்' என்று உலோக புஷ் போட்டால் துல்லியத்தோடு கியர்பாக்ஸ் அதிர்வும் கைக்கு வரும். கனமான உலோக நாப் அழகுதான், ஆனால் மதிய வெயிலில் நிறுத்திய காரில் அதைத் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, ஷார்ட் ஷிஃப்டர் போட்டதும் கியர்பாக்ஸ் வேகமாகிவிடும் என்ற நம்பிக்கை. கியர் விழும் முன் அந்தக் கியரின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமப்படுத்துவது கியர்பாக்ஸுக்குள் உள்ள சின்க்ரோ வளையம், அதற்கான நேரம் அதற்கு வேண்டும். அவசரப்பட்டுத் திணித்தால் தேய்வது வளையம்தான். இரண்டாவது கியர் ஏற்கெனவே 'கர்ர்' என்கிறது என்றால் முதலில் கிளட்சையும் எண்ணெயையும் பாருங்கள். ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸில் யாராவது வேறு தரமான ஜிஎல்-5 ஊற்றியிருந்தால், பழி லிவர் மேல் விழும்.

சரி, மாட்டியாயிற்று. உடனே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எஞ்சினை அணைத்து, ஒவ்வொரு கியராகப் போட்டு, லிவர் எங்காவது கன்சோலிலோ கார் தரையின் தகட்டிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். தவறி ரிவர்ஸ் விழாமல் காக்கும் தடுப்பு முன்போலவே வேலை செய்ய வேண்டும். லிவர் இடித்து நின்றால் கியர் முழுதாக விழாது, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நியூட்ரலுக்குத் தெறித்துவிடும்.