மரத்துப் பாசி எல்லாம் பாசி இல்லை: தண்ணீர்மலையில் ஒரு காலை

அஞ்சறைப்பெட்டியில் கல்பாசி இருந்தால் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். மேல்புறம் சாம்பல், அடிப்புறம் கறுப்பு. பேர்தான் பாசி, உண்மையில் அது லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து ஒரே உடலாக வாழ்வது. ஆல்கா, மாஸ், லைக்கன் மூன்றையுமே நாம் பாசி என்று சொல்லிவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

பினாங்கில் இதற்கு நல்ல இடம், தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், தண்ணீர் தெளிக்கும் சின்ன பாட்டில், இரண்டும் போதும். சாப்பாட்டைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் வரும்.

முதலில் ஒரே மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டையில் காய்ந்த சாம்பல் திட்டு தெரிந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கண்ணெதிரே பச்சையாக மாறினால் அது பெரும்பாலும் லைக்கன். நனைந்ததும் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளிருக்கும் ஆல்காவின் பச்சை வெளியே தெரிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. மாஸ் என்றால் சுருண்டு கிடந்த குட்டி இலைகள் விரியும்.

அப்புறம் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நீங்கள் மரத்தை நெருங்குங்கள். தண்டும் இலையும் இருந்தால் மாஸ். வெளிறிய பச்சையில், தடித்த இலைகளோடு பனை வகை மரங்களில் இருப்பது ஆக்டோபிளெஃபாரம் ஆக இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

தண்டு, இலை இல்லையா? நகத்தால் பெயர்க்க முடியாதபடி ஒட்டியிருந்தால் ஓட்டு வகை லைக்கன், மடல் மடலாக இருந்தால் இலை வகை, தாடி போலத் தொங்கினால் புதர் வகை. வழவழப்பான பட்டையில் கறுப்பு மையால் கிறுக்கியது போன்ற கோடுகள் தெரிந்தால் நின்று பாருங்கள். அது கிராஃபிஸ் போன்ற எழுத்து லைக்கன். கோடுகள் ஒவ்வொன்றும் பூஞ்சை வித்துகளை உண்டாக்கும் இடம்.

ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் போலப் படர்ந்திருப்பது பலரை ஏமாற்றும். அது டிரென்டிபோலியா, தனி ஆல்கா. நிறம் கரோட்டின் நிறமியால் வருவது.

சுரண்டி எடுக்காதீர்கள், மிக மெதுவாக வளர்பவை இவை. மரத்தின் சாற்றையும் உறிஞ்சுவதில்லை. படம் எடுங்கள், எந்த மரம், வெயிலா நிழலா என்று குறித்துக்கொள்ளுங்கள். பேரினம் வரை தெரிந்தால் போதும், பல லைக்கன்களின் சரியான இனப்பெயருக்கு ரசாயனச் சோதனையும் நுண்ணோக்கியும் வேண்டும்.

மழை விட்டவுடனே போனால் பாட்டிலே தேவைப்படாது.