கம்போடியாவுக்கு வாசிப்புச் சொல்லித்தரப் போகிறீர்களா?

ஜூன் விடுமுறை நெருங்கினால் போதும், ஆராதனை முடிந்ததும் சிங்கப்பூரில் எங்கள் சபை இளையர்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். "ஆன்ட்டி, கம்போடியாவுக்கு என்னென்ன புத்தகம் கொண்டு போகலாம்?" நான் முப்பது வருஷம் தொடக்கநிலை ஒன்றில் ஆங்கிலம் எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு ஆறு முறை கம்போங் தோம் மாகாணத்தில் ஒரு கிராமத்துக்கு வாசிப்புச் சொல்லித்தரப் போய் வந்திருக்கிறேன். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன்: "நீங்கள் கிளம்பிய மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்போவது யார்? அவர் பெயர் தெரியுமா?" தெரியாவிட்டால் இன்னும் டிக்கெட் போடாதீர்கள்.

முதல் பயணத்தில் எனக்கும் அந்தப் பெயர் தெரியாது. நான்கு அட்டைப்பெட்டி நிறையக் கதைப்புத்தகம் கொண்டு போனோம். ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி, அங்கே ஏற்கெனவே இருந்த புத்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை கணீரென்று வாசித்தாள். கைதட்டினோம். என் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அதே புத்தகத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பலகையில் எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. முந்தைய வருஷம் வந்த ஏதோ ஒரு குழு விட்டுப்போன புத்தகம் அது. முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாள். வந்த ஒவ்வொரு குழுவும் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று முதலிலிருந்து ஆரம்பித்து, பாட்டுப் பாடி, படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறது. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை ஆப்பிளைத் தாண்டவே இல்லை.

ஆகவே முதல் வேலை, அந்த ஊர் ஆசிரியையைத் தேடிப் பிடிப்பது. குறைந்தது மூன்று மாதம் முன்பே அவரோடு பேசத் தொடங்குங்கள். அங்கே ஆசிரியையை 'நியாக் க்ரூ' என்று அழைப்பார்கள். அந்த 'க்ரூ' நம் 'குரு'தான். பிள்ளைகளுக்கு முன்னால் நீங்களும் அவரை அப்படியே கூப்பிடுங்கள். பல பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு ஷிஃப்டில் நடக்கின்றன. காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை மதியம்தான் உங்களிடம் வரும். நேரம் குறிப்பது அவர் கையில் இருக்கட்டும். பாடத்தையும் அவரே நடத்தட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் நடத்தி அவர் பார்க்கலாம். மூன்றாம் நாள் சாக்பீஸ் அவர் கைக்குப் போய்விட வேண்டும்.

இனி எழுத்து. நம் தமிழர்களுக்கு இங்கே ஒரு வரம் உண்டு. கம்போடியர்களின் மொழியான கெமரின் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது. நாம் க, ங, ச, ஞ என்று அடுக்கும் அதே வரிசையில்தான் அவர்கள் நெடுங்கணக்கும் போகிறது. க-ங, ச-ஞ என்ற நம் ஒவ்வோர் இணைக்கும் நடுவில் அவர்களுக்கு இன்னும் மூன்று எழுத்து கூடுதல். வகுப்பின் முதல் நாள் அவர்களை அதைச் சொல்லச் சொல்லி, கூடவே நான் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் முகத்தில் வந்த வியப்பைப் பார்க்க வேண்டும்! அன்றிலிருந்து ஆங்கிலம் எங்கள் இருவருக்குமே அந்நிய மொழி என்று ஆகிவிட்டது.

ஆங்கில எழுத்துகளை அகர வரிசையில் ஆரம்பிக்காதீர்கள். எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் என்ற ஆறு எழுத்துகள் போதும். இவற்றை வைத்தே பின், டின், சிட், பேன் என்று நிறையச் சொற்கள் கட்டலாம். எழுத்தின் பெயரைச் சொல்லித்தராமல் ஓசையைச் சொல்லித் தாருங்கள். இதில் நாம் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் நாக்கு மெய்யெழுத்தைத் தனியே நிற்க விடாது. ஓர் உகரத்தை ஒட்டிவிடும். 'டு, இ, னு' என்று சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையாலும் அதைச் சேர்த்து 'டின்' என்று சொல்ல முடியாது. புள்ளி வைத்த மெய்யாகவே சொல்லுங்கள்: ட், ப், ஸ், ன். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகுங்கள். எங்கள் குழுவில் பட்டம் பெற்றவர்களுக்கே இது நான்கு நாள் பிடித்தது.

கெமர்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு இடத்தில். நம்மில் பலர் 'இஸ்கூல்' என்று இகரம் சேர்ப்போம். அவர்கள் மொழியில் சொல்லின் தொடக்கத்திலேயே இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது சாதாரணம், அதனால் 'ஸ்கூல்' அவர்களுக்குச் சுலபம். சொல்லின் கடைசியில்தான் ஓசை தேய்ந்துவிடும். கெமரில் சொல்லின் இறுதியில் எழுதப்படும் 'ஸ்' வெறும் மூச்சாக ஒலிக்கும். 'பஸ்' 'பஹ்' ஆகிவிடும். 'ரைஸ்' 'ரை' ஆகிவிடும். கடைசி ஓசை வரும்போது பிள்ளைகள் தரையைத் தட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்தேன். இன்னொன்று: அவர்கள் எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. ஆங்கில வரியில் ஏன் இடம் விடுகிறோம் என்பதையும் ஒரு நாள் விரல் வைத்துக் காட்டுங்கள்.

வாயில் இல்லாத சொல்லைப் பலகையில் எழுதாதீர்கள். பால் டின் ஒன்றில் பென்சில்களைப் போட்டு வகுப்பின் மூலையில் வைத்திருந்தேன். இரண்டு நாள் முழுக்க "டின்னை எடு, டின்னைக் கொடு" என்று ஆங்கிலத்தில் வாய்ப்பேச்சுதான். மூன்றாம் நாள் படமில்லாமல் அந்தச் சொல்லை எழுதினேன். புத்தகத்தை ஒப்பித்த அதே சிறுமி விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் நகர்த்தினாள். ட்... இ... ன். இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாக. சட்டென்று திரும்பி மூலையிலிருந்த டின்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முறை யாரும் கைதட்டவில்லை. நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஊழியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்போடியாவில் அரசு சமயம் புத்தம். மற்ற சமயத்தார் வீடு வீடாகப் போய்ப் போதிப்பதற்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. சமயப் பிரசுரங்களை வழிபாட்டு இடத்துக்குள் மட்டுமே கொடுக்கலாம். பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் சொல்லக்கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் வாசிப்பு வகுப்பைத் தூண்டிலாக்குவது பாவம் என்றே நான் நம்புகிறேன். ஒரு தாய் என்னிடம், "என் மகள் புத்த விகாரைக்குப் போனால் இங்கே இடம் இருக்குமா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அதே பாயில் அதே இடம் இருக்கும் என்றேன். "நீங்கள் ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்பவர்களிடம் நான் எதையும் மறைப்பதில்லை. இயேசு என்னை நேசித்ததால் வருகிறேன் என்று சொல்வேன்.

நம் மிஷனரி முன்னோடிகளைப் பாருங்கள். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். இங்கே சிங்கப்பூரில், நம் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் 1887ல் சோஃபியா பிளாக்மோர் ஒன்பது தமிழ்ப் பெண்பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி. அவர் ஏறக்குறைய நாற்பது வருஷம் இங்கேயே இருந்தார். நாம் போவது பத்து நாள். அங்கே தங்கியிருப்பவர் அந்த நியாக் க்ரூதான்.

மூட்டை சின்னதாக இருக்கட்டும்: கைப்பலகைகள், மார்க்கர், எழுத்து அட்டைகள், அந்த ஆறு எழுத்துகளிலேயே நீங்கள் எழுதித் தைத்த சிறு புத்தகங்கள். பனியும் ஸ்ட்ராபெரியும் வரும் கதைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் படத்தை எங்கும் போடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு வாரம் ஒரு முறை ஆசிரியையோடு டெலிகிராமில் பேசுங்கள். அவர்களுக்கு நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். நான் இரவு ஒன்பதுக்குக் கூப்பிடுவேன். அடுத்து எந்த எழுத்து, எந்தப் பிள்ளை பின்தங்குகிறது என்று அவர் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். சென்ற மாதம் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். ஒரு பையன் 'பஸ்' என்று வாசிக்கிறான். கடைசி ஸ் நீளமாக ஒலிக்கிறது, கூடவே தரையைத் தட்டும் சத்தம்.