இறங்கும்போது மட்டும் வந்த கால்வலி

மலை ஏறும்போது என் 6 வயது மகள் முன்னால் ஓடுவாள். இறங்க ஆரம்பித்த பத்தே நிமிடத்தில் "விரல் வலிக்குதுப்பா" என்று உட்கார்ந்துவிடுவாள். மூன்று வாரமாக இதே கதை.

களைப்பு என்று நினைத்துத் தூரத்தைக் குறைத்தேன், பலனில்லை. ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினேன், வலி கூடியது. தடித்த சாக்ஸும் உதவவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: பெருவிரல் நக நுனியில் மட்டும் சிவப்பு. பழைய ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் அவளை நிற்க வைத்தேன். விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் இருந்தது. ஷூ சின்னதில்லை, சரிவில் பாதம் முன்னால் வழுக்கி விரல் இடிக்கிறது. பெரிய ஷூவில் வழுக்க இன்னும் அதிக இடம்!

ஷூவின் மேல்பக்கம் பெரும்பாலும் யாரும் தொடாத கடைசித் துளை ஒன்று இருக்கும். பாதம் வழுக்காமலிருக்க, நாடாவைக் குறுக்கே கொண்டுபோகாமல் அந்தந்தப் பக்கக் கடைசித் துளைக்குள்ளேயே நுழைத்து, இரண்டு பக்கமும் சிறு வளையம் வைத்தேன். ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடிச்சுப் போட்டேன். இழுப்பதற்கு முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் ஒட்டவைக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஏறும்போது இந்த இறுக்கம் தேவையில்லை, உச்சியில் மாற்றிக் கட்டினால் போதும்.

போன ஞாயிறு சரிவு முழுவதும் தானே நடந்து இறங்கினாள். நிம்மதி.