ரேஸ் வண்டிக்கு எந்தப் பெட்ரோல்? அடிக்கடி நடக்கும் தவறுகள்

“அண்ணாச்சி, நூறு ஆக்டேன் ஊத்தியிருக்கேன். இன்னைக்கு வண்டி பறக்கும் பாருங்க.”

திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பயிற்சி ஓட்டம். சொன்ன தம்பிக்கு இருபது வயது இருக்கும். வண்டி 200 சிசி, ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கும் எஞ்சின், கம்ப்ரெஷன், அதாவது கலவையை எஞ்சின் அமுக்கும் விகிதம், 10:1. முதலில் சாதாரணப் பெட்ரோலில் பத்துச் சுற்று ஓட்டி நேரம் எடுத்தோம். டேங்கை வடித்துவிட்டு நூறை ஊற்றி இன்னொரு பத்துச் சுற்று. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம், அவன் ஒரு திருப்பத்தில் பிரேக் பிடிக்கும் இடம் கொஞ்சம் முன்பின் ஆனால் வருவதைவிடக் குறைவு. அந்தக் காசுக்கு பிரேக் பேட் மாற்றியிருக்கலாமே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

ஆக்டேன் என்றால் சக்தி என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. அழுத்தமும் சூடும் ஏறும்போது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பற்ற வைத்தால் வரிசையாக வெடித்துக்கொண்டு போக வேண்டும். பிளக் கொடுக்கும் பொறியிலிருந்து நெருப்பு அப்படித்தான் பரவ வேண்டும். நெருப்பு போய்ச் சேருமுன்னே மறுகோடியில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்தால், அதுதான் நாக்கிங். அதைத் தடுக்கப் போதுமான ஆக்டேன் இருந்துவிட்டால், அதற்கு மேல் ஊற்றுவதால் அந்த எஞ்சினுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாக் சென்சார் வைத்து டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, தானே மாற்றிக்கொள்ளும் எஞ்சின்களும் டர்போ கார்களும் கொஞ்சம் பயன் பெறும். நம் பையன்கள் ஓட்டும் பெரும்பாலான பைக்குகளில் அந்த வசதி கிடையாது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசமானது. எஞ்சினை மாற்றிவிட்டு பெட்ரோலை மாற்றாமல் இருப்பது. சில வருஷம் முன்னால், சாதாரணப் பெட்ரோல் 91 ஆக்டேனில் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு 150 சிசி வண்டிக்கு நானே ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, சீவிக் கொடுத்தேன். கம்ப்ரெஷன் பதினொன்றைத் தாண்டிவிட்டது. டைமிங்கையும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். காலை ஏழு மணிக்குப் பயிற்சியில் வண்டி அருமையாக ஓடியது. மதியம் இரண்டு மணிக்கு, சித்திரை வெயிலில், மூன்றாவது சுற்றில் தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். ஓட்டியவன் செயின் சத்தம் என்று நினைத்துவிட்டான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அவற்றுக்கு நடுவே வெள்ளி மினுக்கம். அந்த மினுக்கம் பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். ஹெட்டைத் திறந்தபோது பிஸ்டனின் ஓரம் எலி கொறித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. தப்பு என்னுடையது. குளிர்ந்த காலையில் ட்யூன் செய்துவிட்டு, மதியச் சூட்டுக்கு இடம் விடவில்லை. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் நாக்கிங் சீக்கிரம் வரும். நம் பக்கம் ஆடிக் காற்றை எதிர்த்து நேர்த்தடத்தில் முழு த்ராட்டிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகி, போகும்போதும் எஞ்சின்மேல் சுமை கூடும். எந்த நேரத்தில், எந்த வெயிலில் ஓட்டப்போகிறோமோ அந்த நிலைக்குத்தான் பெட்ரோலையும் டைமிங்கையும் முடிவு செய்ய வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றி வெயிலில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்புறம், வெளிநாட்டு ஆக்டேன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. அமெரிக்கக் காணொளி ஒன்றில் “91 போதும்” என்று கேட்டுவிட்டு, நம் ஊர் 91-ஐ நம்பி ஹெட்டைச் சீவியவர்கள் உண்டு. நம் பெட்ரோல் பங்க்குகளில் எழுதியிருப்பது ரான் எனப்படும் ரிசர்ச் ஆக்டேன் எண். அமெரிக்க பங்க்குகளில் அந்த எண்ணையும் மோட்டார் ஆக்டேன் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். அவர்களுடைய 91, நம் கணக்கில் ஏறத்தாழ 95, 96.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் குழப்பம் அதிகம், சேதமும் அதிகம். 2022-ல் பத்து சதவீதக் கலப்பை எட்டிய நாடு, 2025-ல் இருபதுக்கு வந்துவிட்டது. எத்தனாலின் ரான் எண் 108 போல இருப்பதால், இருபது சதவீதம் கலந்த இ20 வந்தபின் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் 95 அளவுக்கு ஏறியிருப்பதாக அரசே சொல்கிறது. ஆகவே “எத்தனால் கலந்தது, நாக்கிங் வரும்” என்ற பயம் தலைகீழானது. கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, கலவை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இ20-க்கு அது சுமார் 13.5. பழைய பெட்ரோலுக்கு ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வைத்த கார்புரேட்டரில் இதை ஊற்றினால் கலவையில் காற்றின் பங்கு கூடி, அது மெலிந்து, எஞ்சின் சூடாகும். ஒன்றிரண்டு எண் பெரிய மெயின் ஜெட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். முழு த்ராட்டிலில் பல வண்டிகள் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்பதில்லை. ரேஸில் பாதி நேரம் நாம் இருப்பதோ முழு த்ராட்டிலில்தான்.

இரண்டாவது, தண்ணீர். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலைக் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து. லிட்டருக்கு 25 மில்லி, அதாவது 1:40, சரியாகத்தான் அளந்து ஊற்றியிருப்பீர்கள். ஆனால் அந்த ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு இருந்துவிடும். கார்புரேட்டருக்கு முதலில் இறங்குவது ஆயிலில்லாத அடித்தண்ணீர். ஒரே நேர்த்தடத்தில் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். நூறு மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, பத்து நிமிஷம் அப்படியே வையுங்கள். தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டு கீழே நிற்கும். இரண்டும் பிரியும் கோடு 28-க்குப் பக்கத்தில் நின்றால் கூடிய 18 மில்லி எத்தனால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அடுப்பும் பீடியும் இல்லாத திறந்த இடத்தில் செய்யுங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் டப்பா வாங்கும் முன் அதன் எழுத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். “30 பாயின்ட் கூடும்” என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது மூன்று எண்தான், 91 என்பது 94 ஆகும். மாங்கனீசு கலந்த பூஸ்டரைத் தொடர்ந்து ஊற்றினால் பிளக்கில் செங்காவி நிறத்தில் படியும். இதைவிட நல்ல வழி, பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலை வாங்கிக் கலப்பது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரிலேயே எக்ஸ்பி100-ஐ கொண்டுவந்துவிட்டது. ஐந்து லிட்டர் 95-உம் ஐந்து லிட்டர் 100-உம் சேர்ந்தால் ஏறத்தாழ 97.5 வரும். கணக்கு அவ்வளவுதான்.

பாச்சை உருண்டையை டேங்கில் போடும் பழைய வழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. நாஃப்தலீன் பெட்ரோலில் கரையும், உண்மைதான். வண்டி நிற்கும்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியானதும் அது திரும்பப் படிகமாகி ஜெட்டை அடைக்கும். கடையில் விற்கும் உருண்டைகளில் பலவும் நாஃப்தலீனே கிடையாது, குளோரின் உள்ள வேறு பொருள். எரிந்தால் அமிலப் புகை வரும். தயவுசெய்து போடாதீர்கள். தின்னரும் அப்படித்தான், டப்பாவுக்கு டப்பா உள்ளே இருப்பது மாறும்.

போட்டிக்குப் போகும்போது இங்கிருந்து கோயம்புத்தூர் வரை வேனுக்குள் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. பக்கத்திலேயே தம்பிமார்கள் படுத்துத் தூங்குவார்கள். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் உரிமமின்றி ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது 30 லிட்டர் வரைதான். அதையும் இறுக மூடிய கலத்தில் வைக்க வேண்டும்: உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், கண்ணாடியோ பீங்கானோ என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை. நல்ல இரும்பு ஜெர்ரி கேன் ஒன்று வாங்கி, வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள்.

கிளம்பும் முன் போட்டியின் துணை விதிகளையும் படித்துவிடுங்கள். ஒரே வகை வண்டிகள் ஓடும் போட்டிகளில் எரிபொருளை அமைப்பாளர்களே கொடுப்பதுண்டு. வேறு எதற்கோ ட்யூன் செய்துவிட்டு அங்கே போய் நிற்கக் கூடாது.

பெட்ரோலைச் சோதிக்க ராத்திரி நாங்குநேரி நாலுவழிச்சாலைக்குப் போகும் பையன்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: வேண்டாம், தம்பி. அங்கே எதிரில் மாட்டுவண்டியும் வரும், விளக்கில்லாத டிராக்டரும் நிற்கும். மூடிய தடத்தில், ஒரே வெயிலில், ஒரே ஆள் ஓட்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். பெட்ரோலையும் ஜெட்டையும் டைமிங்கையும் ஒரே நாளில் மாற்றினால் எதுவும் தெரியாது.

அந்தத் திசையன்விளைத் தம்பி இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறான். எந்த பங்க், எந்தத் தேதி, எத்தனை மணி, பிளக் என்ன நிறம் என்று எழுதுகிறான். பயிற்சி முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் உள்ள வண்டியென்றால் கிண்ணத்தை வடித்துவிட்டுத்தான் வேனில் ஏற்றுகிறான்.