ஸ்பீட் க்ளைம்பிங்: எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பீட் க்ளைம்பிங் என்றால் செயற்கைச் சுவரில் யார் வேகமாக உச்சிக்கு ஏறுவது என்ற போட்டி. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இதில் வழி தேடி ஏற வேண்டிய வேலையே இல்லை. 15 மீட்டர் சுவர், ஏறுபவர் பக்கமாக 5 டிகிரி முன்சாய்வு, உலகம் முழுக்க ஒரே இடங்களில் ஒரே பிடிகள். அதனால் அந்த ஒரே பாதையை ஆயிரக்கணக்கான தடவை ஏறி, யோசிக்காமலே கைகால் போகிற நிலைக்கு வர வேண்டும்.

எடுத்தவுடனே முழுச் சுவரில் ஓடாதீர்கள். நாலைந்து அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகப் பழகி, அப்புறம் கோர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய ஏறுவீரர் தொமோவா நராசாகி பாதையின் தொடக்கத்தில் ஒரு பிடியையே தொடாமல் தாண்டிப் போகும் வழியைக் காட்டினார், இன்று அது பலருக்கும் வாடிக்கை. கையைவிட முக்கியம் காலின் உந்துவிசை, ஆகவே ஸ்குவாட்டும் தாவல் பயிற்சியும் தவறக்கூடாது.

புறப்பாட்டுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். புறப்படச் சொல்லும் மூன்றாவது பீப் ஒலித்து 0.1 விநாடிக்குள் காலை எடுத்தாலும் ஃபால்ஸ் ஸ்டார்ட்தான் (முந்திப் புறப்பட்ட தவறு), நாக்-அவுட்டில் அதோடு கதை முடிந்தது. உச்சியில் டைமரை அறைய மறக்காதீர்கள், அடிக்காவிட்டால் கடிகாரம் நிற்காது!

எவ்வளவு வேகம் வேண்டும்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் தங்கம் வென்றார், வெண்கலம் பெற்ற அமெரிக்கர் சாம் வாட்சன் 4.74இல் ஏறி உலக சாதனையே படைத்தார். சரி, நீங்கள் முதலில் பத்து விநாடிக்குள் வாருங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.