சுவர் பெயின்ட் பழக்கம் இரும்புக்கு உதவாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியில் கடற்கரை ஓரமாக ஒரு கிடங்கு. கூரையைத் தாங்குவது முழுக்க ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். பெயின்ட் அடித்து ஒரு மழைக்காலம்தான் தாண்டியிருந்தது. குழாயில் நகத்தை வைத்து லேசாக நெண்டினேன். வாழை மட்டையிலிருந்து நார் உரிவது போல நீளமாகக் கையோடு வந்துவிட்டது. உரிந்த பெயின்ட்டின் உள்பக்கம் பிசுபிசுவென்று இருந்தது. டூப்ளிகேட் சரக்கு வாங்கிவிட்டார் என்று உரிமையாளருக்குப் பெயின்டர் மேல் கோபம்.

சரக்கு அசல்தான். வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற எனாமலை நேராக ஜி.ஐ. மேல் அடித்ததுதான் கோளாறு. எனாமலில் இருப்பது எண்ணெய் சார்ந்த அல்கைட் ரெசின். ஜி.ஐ.யின் மேல்தோல் துத்தநாகம். ஈரம் சேரச் சேர இரண்டும் வினைபுரிந்து, நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிறது. அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. ஜி.ஐ. என்றால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, லேசாகச் சொரசொரப்பாக்கி, அதற்கென்று உள்ள, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரோ பொருத்தமான எபாக்ஸி பிரைமரோ அடித்த பிறகுதான் மற்றது.

இந்தத் துறையில் நான் பார்க்கிற தவறுகளில் பெரும்பாலானவை வீட்டுச் சுவரில் கற்ற பழக்கத்தை அப்படியே இரும்புக்குக் கொண்டுவருவதால் வருபவை. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் டப்பாவுக்குள்ளேயே முழுசாகத் தயாரான பொருள். தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். எபாக்ஸி, பாலியூரிதேன் போன்றவை பெரும்பாலும் இரண்டு டப்பாக்களாக வரும்: பேஸ் ஒன்று, ஹார்டனர் ஒன்று. இரண்டும் கலந்து, இரும்பின் மேல் வினைபுரிந்து இறுகும்போதுதான் அது கோட்டிங் ஆகிறது. அதாவது பாதி உற்பத்தி நம் கையில் நடக்கிறது.

அதனால்தான் கண் மதிப்பில் கலக்கக் கூடாது. டப்பாவில் 4-க்கு 1 என்று போட்டிருந்தால் அளந்துதான் கலக்க வேண்டும். ஹார்டனர் குறைந்தால் படலம் கடைசிவரை மெத்தென்று கிடக்கும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினாலும் பலன் இல்லை. சேர இணையில்லாத ஹார்டனர் படலத்தைக் கெடுக்கும். கலந்த சரக்குக்கு ஆயுளும் குறைவு. நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும், அது பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். சித்திரை வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, கெட்டியான சரக்கில் தின்னர் ஊற்றி அடிக்கிறார்கள் பாருங்கள், அதைவிடப் பெரிய தவறு இல்லை. தின்னர் அதை ஓடவைக்கும், ஒட்டவைக்காது.

அப்புறம், பரப்பைத் தயார் செய்வது. என்னைக் கேட்டால் பாதி பட்ஜெட்டை இதற்கே ஒதுக்குங்கள் என்பேன். சுவருக்கு உப்புத்தாள் தேய்த்துப் பட்டி பார்த்தால் போதும். இரும்பில் அப்படி இல்லை. புது இரும்பு சுத்தமாக இருக்கும் என்று நம்பி, நேராக ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுகிறார்கள். அதன் மேல் நீலக்கறுப்பாக மினுங்குகிறதே, அது மில் ஸ்கேல், ஆலையில் சூடாக உருட்டும்போதே இரும்பின் மேல் படியும் ஆக்சைடு தோல். வெயிலில் இரும்பு விரிந்து சுருங்கும்போது அது வெடித்துப் பெயர்ந்து, மேலே உள்ள பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கம்பி பிரஷ் அதை மெருகேற்றத்தான் செய்யும். கிரிட் பிளாஸ்டிங் செய்து, அதாவது கூரான துகள்களைக் காற்றழுத்தத்தில் வேகமாக அடித்து, எஸ்.ஏ. 2½ என்கிற தரத்துக்கு, ஏறக்குறைய வெள்ளை இரும்பாகக் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிங்கில் விழும் 40 முதல் 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழமுள்ள சொரசொரப்புதான் பிரைமருக்குப் பிடிமானம்.

கடலோரத்தில் இன்னொரு வேலை உண்டு: உப்பு. பிளாஸ்டிங்குக்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பைக் குழிக்குள் அடித்து இறக்கியது போலாகிவிடும். போர் தண்ணீரில் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரே உப்பு கரித்தால் என்ன பயன்? படலத்துக்கு அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை உள்ளே இழுத்து, அம்மைக் கொப்புளம் மாதிரி கிளப்பிவிடும்.

வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று விடியற்காலையில் ஆரம்பிப்பதும் சுவர் வேலைப் பழக்கம்தான். மார்கழிக் காலையில் ஒரு இரும்புத் தொட்டியில் கையை வைத்துப் பாருங்கள், உள்ளங்கை நனையும். இரும்பின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரி, பத்து மணிக்கு ஆரம்பியுங்கள். ஆனால் பிளாஸ்டிங் முடிந்த இரும்பைப் பிரைமர் இல்லாமல் இரவு தாண்ட விடாதீர்கள்.

கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமல்ஷன் ஒரு கோட் காய்ந்தால் சுமார் 30 மைக்ரான். கடலோர இரும்புக்கு துத்தநாகப் பிரைமர், எபாக்ஸி, பாலியூரிதேன் என்று மூன்றும் சேர்ந்து 250 மைக்ரானுக்கு மேல்கூட வேண்டியிருக்கும். ‘ரெண்டு கோட் அடிச்சாச்சு’ என்பது கணக்கே இல்லை. மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஒரே கோட்டில் கனத்தை ஏற்றினால் உள்ளே தின்னர் சிக்கிக்கொள்ளும். மூலை, விளிம்பு, போல்ட், வெல்டிங் ஜாயின்ட் ஆகியவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுங்கள். துரு எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

எபாக்ஸியையே மேல் கோட்டாக வெயிலில் விடக் கூடாது. சில மாதங்களில் வெளுத்து, தொட்டால் மாவாக ஒட்டும். வெயிலைத் தாங்க அதன் மேல் பாலியூரிதேன் வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் உப்புக்காற்றோடு போராடியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு வெயிலையும் உப்பையும் சேர்த்துத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

பழைய எனாமல் மேல் எபாக்ஸி அடிக்கப்போகிறீர்கள் என்றால், ஓர் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு அடித்துப் பாருங்கள். எபாக்ஸியின் தின்னர் பட்டு எனாமல் அப்பளம் மாதிரி சுருண்டால், முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பாலியூரிதேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். எமல்ஷன் அடிக்கும்போது கட்டுகிற அதே கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குகிறார்கள் நம் தம்பிகள். அந்தத் துணி எதையும் தடுக்காது. மூடிய தொட்டிக்குள் வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் வேண்டும். கொட்டேஷனில் பெயின்ட் விலைக்கு முன்னால் அதை எழுதுங்கள்.